பாட்டின் மேல் பதிந்த தேதி

2025 ஜூலை 12, சனிக்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். ஐந்தே முக்காலுக்குப் பால் வந்தது. ஆறு மணிக்கு முன் லேசாகச் சாரல் விழுந்து நின்றுவிட்டது. மொட்டைமாடித் தரை பாதிதான் நனைந்திருந்தது. ஆறு ஐந்துக்கு முதல் அணைக்கட்டிலிருந்து தொலைபேசி வந்தது. ஆறு நாற்பதுக்குள் மற்ற அணைக்கட்டுகளும் பேசி முடித்துவிட்டன. அவர்கள் சொன்ன நீர்மட்டங்களைக் குறிப்பேட்டில் எழுதி, முந்தைய நாள் அளவோடு ஒப்பிட்டு, ஏழரைக்கு அலுவலகத்துக்கு அனுப்பினேன். தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தினமும் எழுதி வைப்பதுதான் இருபத்தாறு வருடமாக என் வேலை. ஆற்றுக்குச் சனி, ஞாயிறு கிடையாது. அதனால் எனக்கும் கிடையாது. எட்டு மணிக்கு மூன்று இட்லி சாப்பிட்டேன்.

நான்காவது இட்லியை மறுத்ததும் என் மனைவி கேட்டாள்: “இன்னும் பதில் போடலையா?”

போடவில்லை. முந்தைய நாள் காலை சீனாவிலிருந்து வந்த மின்னஞ்சல் ஒன்று, திறந்து படித்தபடி, பதில் இல்லாமல் கிடந்தது. இருபத்தாறு வருடத்தில் வந்த கடிதத்துக்கு அன்றே பதில் எழுதாமல் விட்டது அதுதான் முதல் முறை.

அந்த மின்னஞ்சலை எழுதியவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஊரடங்கின் இரண்டாம் வருடம் என் கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட் இளகிப் பசையாகிவிட்டது. என் அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்த டெக் அது. உள்ளூரில் எங்கும் பெல்ட் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடியபோது, சீனாவில் ஆற்றங்கரை நகரம் ஒன்றில் இருக்கும் ஒரு பெண் பழைய டெக்குகளுக்குப் பெல்ட் விற்பதாகத் தெரிந்தது. அளவைத் தசம புள்ளி வரை எழுதி இரண்டு பெல்ட் கேட்டேன். ஏழு வாரம் கழித்துப் பொட்டலம் வந்தது. பெல்ட்டோடு ஒரு கேசட்டும் இருந்தது. ஒரு துண்டுத் தாளில், “பெல்ட் சரியாக ஓடுகிறதா என்று இதைப் போட்டுப் பாருங்கள்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

பெல்ட் சரியாகவே ஓடியது. கேசட்டில் ஒரு லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம் இருந்தது. அதன் கூடவே ஒருவர் ஏதோ தந்தி வாத்தியத்தை, லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறதோ அந்தச் சுருதிக்கு மாற்றிக்கொண்டே வாசித்தார். முதல் தடவை கேட்டபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது, முப்பது மாடியையும் அவர் ஒன்று விடாமல் வாசிக்கிறார் என்று தெரிந்தது. இவ்வளவு ஒழுங்கான காரியத்தை விளையாட்டு என்று நினைத்ததற்காக வெட்கப்பட்டு, அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்படித்தான் தொடர்பு நிலைத்தது.

பெல்ட் விற்பது அவருக்குப் பக்கத் தொழில். அவர் நடத்துவது கேசட் வெளியிடும் ஒரு சிறு நிறுவனம். நிறுவனம் என்றால், அவரும் அவர் சமையலறையில் இருக்கும் மூன்று டெக்குகளும்தான். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத இசைக்குழுக்களின் இசையை அவர் வெளியிடுகிறார். பகலில் லாரிக்கு டயர் மாட்டுகிறவர்கள், மழலைப் பள்ளி ஆசிரியைகள், தபால் பிரிப்பவர்கள் எல்லாம் அந்தக் குழுக்களில் வாசிக்கிறார்கள். எண்பது பேர் நிற்கக்கூடிய கூடத்தில் கச்சேரி நடக்கும். கட்டட உரிமையாளர் கூடத்தைக் காலி செய்யச் சொன்னால், அடுத்த மாதம் ஒரு நூடுல்ஸ் கடையின் பின்கட்டில் நடக்கும். அங்கேயும் இவர் ஒரு மடக்கு மேசையோடு போய்க் கேசட்டுகளைப் பரப்பி வைப்பார்.

ஒரு வெளியீட்டுக்கு அறுபது பிரதிதான். வேகமாக நகலெடுத்தால் மேல்ஸ்தாயி மங்கிவிடும் என்பதால், பாட்டு ஓடும் வேகத்திலேயே மூன்று மூன்றாகப் பதிவார். நாற்பது நிமிட இசை என்றால் அறுபது பிரதிக்குப் பதின்மூன்று மணி நேரமும் இருபது நிமிடமும் ஆகும். கணக்குப் போட்டு எழுதிக் கேட்டேன். “இடையில் டீ குடிப்பதைச் சேர்க்கவில்லை” என்று பதில் வந்தது. அட்டைக்கு, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் ரப்பர் முத்திரை குத்துவார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போடுவார். விற்றுத் தீர்ந்ததை யார் கேட்டாலும் மறுபடி போடமாட்டார். அந்த நேரத்தில் வேறொரு குழுவை வெளியிடலாம் என்பது அவர் கட்சி.

கேசட்டுகள் புதியவை அல்ல. பள்ளிக்கூடங்கள் கழித்துப் போட்ட ஆங்கிலப் பாடக் கேசட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, அவற்றின் மேல்தான் பதிகிறார். அது அவருக்குச் சிறு வயதிலிருந்து வந்த பழக்கம். வெளிநாட்டில் விற்காத கேசட்டுகளை ஓரத்தில் வெட்டுப் போட்டு, பிளாஸ்டிக் குப்பையாகச் சீனத் துறைமுகங்களுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் குப்பையைக் கிளறி எடுத்து, அறுந்த நாடாவை ஒட்டிக் கேட்டுத்தான் அவர் தலைமுறை ராக் இசையைக் கற்றுக்கொண்டது. “எங்கள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஓரத்தில் வெட்டு இருக்கும்” என்று ஒரு முறை எழுதியிருந்தார். அந்த வரியை என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு கடிதத்தில் அவர் ஊர் ஆற்றின் நீர்மட்டம் என்ன என்று கேட்டேன். மறுநாளே பாலத்தூணில் வரைந்திருக்கும் அளவுகோலைப் படமெடுத்து அனுப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு பொட்டலத்திலும் அப்படி ஒரு படம் இருக்கும், பின்னால் தேதியோடு. இதற்கு மேல் ஒருவரை மதிக்க எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

இப்போது என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கேசட் எதுவானாலும், முதல் முறை கேட்டு முடித்ததும் கடைசியில் மிச்சமிருக்கும் வெற்று நாடாவில் என் குரலில் வரிசை எண்ணையும் தேதியையும் பதிந்து வைப்பேன். கல்லூரி நாட்களில் வானொலியிலிருந்து பாட்டுப் பதிந்த காலத்தில் தொடங்கியது இது. ஒட்டிய சீட்டு உரிந்துவிடும், அட்டை பெட்டி மாறிவிடும். நாடாவிலேயே இருக்கும் தேதி எங்கும் போகாது. இசை முடிந்ததும் உடனே பதிய மாட்டேன். முடிந்துதான் விட்டதா என்று பத்து வினாடி பொறுத்திருந்து, பிறகே பதிவுப் பொத்தானை அழுத்துவேன்.

அந்தப் பெண் அனுப்பியவற்றில் என் வரிசையில் பதினொன்றாவது, இரண்டு பேர் உடைந்த ஆர்மோனியமும் முரசும் வாசிக்கும் கேசட். மே 3 அன்று கேட்டேன். பின்பக்கம் பதினெட்டு நிமிடம் இருபது வினாடியில் இசை முடிந்தது. பத்து வினாடி பொறுத்தேன். பதிந்தேன்: “பதினொன்று. மே மூன்று, சனிக்கிழமை. பாளையங்கோட்டை. மாலை ஏழு நாற்பத்தொன்பது.” நிறுத்தி, சுற்றி, பெட்டியில் வைத்தேன்.

ஜூலை 10, வியாழக்கிழமை மாலை அதே கேசட்டை இரண்டாம் முறையாகக் கேட்டேன். இசை முடிந்து என் குரல் வரும் நேரத்தில் அணைக்கட்டிலிருந்து ஒரு ஷட்டர்க்காரர் கூப்பிட்டார். வாய்க்கால் மடையில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது என்றார். அவரிடம் பேசிக்கொண்டே இருந்ததில் டெக்கை நிறுத்தவில்லை. போனை வைத்தபோது அறையில் ஒரு பெண்குரல் பாடிக்கொண்டிருந்தது.

இளம் குரல். சுருதியை எட்டிப் பிடித்து, பிடித்ததை நம்பாமல் மறுபடி எட்டியது. பின்னால் தகர டப்பா போல ஒரு டிரம், சற்றே இறங்கிய கிட்டார். எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். ஆர்மோனியக்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் நான் எழுந்து நின்றுவிட்டேன். முடிந்ததும் சுற்றி நேரம் பார்த்தேன். என் குரல் நிற்கும் பதினெட்டு நாற்பத்து மூன்றில், ஒரு சொல்லின் நடுவிலிருந்து தொடங்கி, மூன்று நிமிடம் இருபத்தேழு வினாடி ஓடியது. அதில் இருபது வினாடியைக் கைப்பேசியில் பதிந்து, இது வெளியீட்டின் பகுதிதானா என்று கேட்டு அவருக்கு அனுப்பினேன். என் குரலைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்த பதில் இது. பாடுவது அவருடைய முதல் குழு. அவர்தான் கிட்டார். பத்தொன்பது வயதில், காய்கறிச் சந்தைக்கு அடியில் இருந்த பழைய குண்டுவீச்சுப் பதுங்கறையில் நான்கு பேர் ஒரே மதியத்தில் பதிந்த கேசட். ஒரே பிரதி. ஏழு மாதத்தில் குழு கலைந்தது. அதை வெளியிட வேண்டும் என்று ஆறு வருடமாகத் தேடுகிறார். வீடு மாறும்போது பாடக் கேசட் பெட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும். தெரியாமல் அவரே அதன் மேல் ஆர்மோனியத்தைப் பதிந்து எனக்கு அனுப்பிவிட்டார். நாடாவின் கடைசியில் இருந்த இந்த ஒரு பாட்டு மட்டும் தப்பியிருக்கிறது. இறுதியில் இப்படி எழுதியிருந்தார்: “பாட்டுத் தொடங்கும் முன் டிரம் வாசிப்பவன் நான்கு எண்ணுவான். மூன்றில் சிரித்துவிடுவான். பிறகு முதல் வரியைப் பாடகி மட்டும் தனியாகப் பாடுவாள், வாத்தியமே இல்லாமல். அது இருக்கிறதா என்று சொல்லுங்கள்.”

இசை முடிந்து பத்து வினாடி விட்டு டெக்கை நிறுத்துவது அவர் வழக்கம். பத்து வினாடி விட்டுப் பதிவது என் வழக்கம். இன்னும் ஓரிரு வினாடி பொறுத்திருந்தால் அந்த எண்ணல் என் காதில் விழுந்திருக்கும். பொறுக்கவில்லை. அவர் கேட்ட பதின்மூன்று வினாடியின் மேல் நான் தேதி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான்கு முறை பதில் எழுதி, நான்கையும் அழித்தேன். சனிக்கிழமை இட்லித் தட்டின் முன்னால் இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள்.

“உங்க நீர்மட்டத்தை அங்கனயும் போயி எழுதிட்டு வந்தாச்சு” என்றாள்.

“சிரிக்காதே.”

“சரி, சிரிக்கல. ஆபீஸ் ரிஜிஸ்தர்ல தப்பா எழுதிட்டா என்ன செய்வீங்க?”

“அழிக்கக் கூடாது. ஒத்தக் கோடு போட்டு அடிக்கணும். அடிச்சது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வைக்கணும்.”

“ஊருக்கெல்லாம் அதைச் சொல்லுதீங்க. அந்தப் பொம்பளைக்கு மட்டும் ஒரு நாளா ரப்பரை வச்சுத் தேச்சுக்கிட்டு இருக்கீங்க. போயி ஒத்தக் கோடு போடுங்க.”

அவள் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன் ஒரு வழி மிச்சம் இருந்தது. பத்து மணிக்கு டெக்கையும் கேசட்டையும் பையில் வைத்து டவுண் பஸ் ஏறினேன்.

தெற்கு ரத வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இப்போது அவருக்கு வருமானம் மிக்ஸியிலும் டிவியிலும்; என் டெக்கை மட்டும் பிடித்துப்போய்ப் பார்க்கிறார். ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம் என்பதால் வீதி ஓரம் இன்னும் வளைக் கடைகளும் பலூன்காரர்களும் நின்றார்கள். பையை அணைத்தபடி கடைக்குள் போனேன்.

“வாரும்வே. தொட்டில் பிள்ளையைத் தூக்கிட்டு வாராப்ல வாரீரு” என்றார்.

விஷயத்தைச் சொல்லி, கேசட்டைப் போட்டுக் காட்டினேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டது. அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“சீனாக்காரி பாட்டுக்கு நடுவுல உம்ம சத்தம் எதுக்குவே?”

“தேதி சொன்னேன், அண்ணாச்சி.”

“நீரு என்ன தாசில்தாரா, பாட்டுக்குப் பட்டா குடுக்க?”

“அது வெத்து நாடான்னு நினைச்சேன். இதுக்கு அடியில இருக்கிறதை எடுக்க முடியுமா?”

டெக்கில் பழைய பதிவை அழிக்கும் ஹெட் நாடாவின் ஓரம் வரை படாமல் இருந்தால், மயிரிழை அளவு பழைய சத்தம் ஓரத்தில் தப்பியிருக்கலாம் என்றார். நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்தார். அதன் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று இறக்கி, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்தப் பதின்மூன்று வினாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். நான் எண்ணினேன், இருபத்திரண்டு தடவை. பிறகு ஹெட்டை ஏற்றி ஒன்பது தடவை. ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் தந்தார். மணல் சரிவது போன்ற இரைச்சல், அதன் மேல் மெலிந்த என் குரல்.

“ஒண்ணும் இல்ல. சுத்தமா வழிச்சு எடுத்திருக்கு” என்றார். “போன வருசம் அழிக்கிற ஹெட்டு கோணலா இருந்துச்சு. நாந்தான் நேரா வச்சுக் குடுத்தேன். நீரும் குனிஞ்சு பாத்து, சரியா இருக்கா, சரியா இருக்கான்னு நாலு தடவை கேட்டீரு. அன்னைக்கு அதைக் கோணலாவே விட்டிருந்தா, இன்னைக்கு அந்தப் பய சிரிச்சது கேட்டிருக்கும்.”

அவரே எழுந்து இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தார். “இருக்கிறதையாவது ஒழுங்கா எடுப்போம்வே” என்று சொல்லி, பாட்டின் மேல்ஸ்தாயி தெளியும் வரை ஹெட்டின் சாய்வைத் திருத்தினார். மூன்று நிமிடம் இருபத்தேழு வினாடியையும் என் மடிக்கணினியில் பதிந்தோம். பாட்டு முடிந்ததும், “இந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் விடலையே. தொண்டை எட்டாதுன்னு தெரிஞ்சும் ஏறுதா பாரும்” என்றார். மறுபடி ஒரு முறை போடச் சொன்னார்.

கேசட்டை வெளியே எடுத்தபோதுதான் அதன் மேல்விளிம்பைப் பார்த்தேன். பாடக் கேசட்டுகளில் மேலே இரண்டு ஓட்டை இருக்கும். மேலே வேறெதுவும் பதிய முடியாதபடி ஒடித்துவிட்ட சிறு பிளாஸ்டிக் பல் இருந்த இடம் அது. அந்தப் பெண் அதன் மேல் தாள் ஒட்டித்தான் பதிவார். பதினொன்றில் மட்டும் இரண்டு பல்லும் ஒடிக்கப்படாமல் அப்படியே இருந்தன. அது பாடக் கேசட்டே அல்ல. என் கையில் இரண்டு மாதம் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாலை நான்கு மணிக்குப் பதில் எழுதினேன். ஐந்தே வரி. எண்ணுவதும், சிரிப்பும், முதல் வரியும் இல்லை, அவற்றின் மேல் நான் தேதி பதிந்துவிட்டேன், அடியில் எதுவும் மிஞ்சவில்லை என்று பார்த்துவிட்டேன், கேசட்டின் பல் ஒடிக்கப்படவில்லை என்பதை நான் பார்த்திருக்க வேண்டும், மன்னிக்க வேண்டும். என் குரலை வெட்டாமல், அடித்த எழுத்து படிக்கத் தெரிவது போல, முழுவதையும் இணைத்து அனுப்பினேன்.

நான்கு பத்துக்கும் ஏழு நாற்பதுக்கும் இடையே நான் செய்த வேலை எதுவும் நாட்குறிப்பில் இல்லை. ஏழு நாற்பதுக்குப் பதில் வந்தது.

“நீங்கள் அழித்தது பதின்மூன்று வினாடி. நான் அழித்தது நாற்பத்தொரு நிமிடத்துக்கு மேல். ஆகவே முதலில் நான்தான் என்னை மன்னிக்க வேண்டும், உங்கள் முறை பிறகு” என்று தொடங்கியிருந்தார். பல்லை ஒடிக்காததற்குக் காரணமும் சொன்னார்: அதே நாடாவில் இன்னும் நன்றாகப் பதியப் போகிறோம் என்று நால்வருக்கும் அவ்வளவு நிச்சயம்.

பிறகு பாடகியைப் பற்றி எழுதியிருந்தார். அவர் இப்போது வேறு நகரத்தில் குளியலறை ஓடு விற்கிறார். குழுவைப் பற்றிப் பேசினாலே போனை வைத்துவிடுவார். அன்று மாலை அவரைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல், நான் அனுப்பியதைப் போட்டிருக்கிறார். முதலில் என் குரல் வந்ததும் பாடகி, “யார் இந்த ஆள், ஏன் கோபமாக இருக்கிறார்?” என்று கேட்டாராம். பிறகு பாட்டு வந்தது. முடியும் வரை அவர் போனை வைக்கவில்லை. முதல் வரி என்ன என்று இருவரும் யோசித்துப் பார்த்தார்கள். இருவருக்கும் நினைவில்லை. “அது போய்விட்டது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அவள் மறுபடி போடச் சொன்னாள்” என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரே பாட்டை, என் குரலோடு, வெட்டாமல், அறுபது பிரதி வெளியிட இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். என் அனுமதி வேண்டும். நான் பேசியதன் பொருளும் வேண்டும்; அட்டையில் அச்சிடுவதற்காக. “அது கவிதையாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.”

கவிதை இல்லை என்று எழுதினேன். வரிசை எண், தேதி, ஊர், நேரம் நான்கையும் மொழிபெயர்த்தேன். கோபம் இல்லை என்பதையும், அது என் வழக்கமான குரல் என்பதையும் கீழே சேர்த்தேன். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “இது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்னும் போடுங்க” என்றாள். போடவில்லை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தேன்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். பல் துலக்கும் முன், மேசை இழுப்பறையிலிருந்து சிறிய திருப்புளியை எடுத்து, பதினொன்றாம் கேசட்டின் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் ஒடித்தேன். ஒன்று ஜன்னல் பக்கம் தெறித்தது. அதைத் தேடி எடுத்து, மற்றதோடு சேர்த்துக் கேசட்டின் அட்டைக்குள் வைத்தேன்.